மோதிரத்தை வெளுக்கும் களிம்பு

ஹாசிந்தோ நாலு நாற்பதுக்கு எழுந்தான். அலாரத்தை அணைத்தான். காபிக்குத் தண்ணீர் வைத்தான். நேற்றைய பீன்ஸைச் சூடாக்கி, இரண்டு தோர்த்தியா ரொட்டியில் சுருட்டி, காகிதத்தில் மடித்தான். மகளின் மாற்றுத் துணியைப் பையில் போட்டான். பல் தேய்த்தான். சவரம் செய்தான். முகம் கழுவித் துடைத்தான்.

கண்ணாடிக்குக் கீழே அந்த வெள்ளை டப்பா இருந்தது. அதை அவன் திறக்கவில்லை. ஆறு நாளாகத் திறக்கவில்லை.

போன ஞாயிறு வரை தினமும் இரண்டு வேளை அதிலிருந்து களிம்பை விரலால் எடுத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டிருந்தான். கன்னத்தில் மங்கு. இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. திங்கட்கிழமை கிளினிக்கில் டாக்டர் ஆனூஷ் டப்பாவிலிருந்து கொஞ்சம் சுரண்டி ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை தொடாதே என்றார். நேற்று மாலை போன் செய்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. டப்பாவை எடுத்துக்கிட்டு வாங்க. பொண்ணையும் கூட்டிக்கிட்டு வாங்க."

பொண்ணை எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தான்.

டப்பாவைக் காகிதப் பையில் போட்டான். தூங்கிக்கொண்டிருந்த மகள் அனாயியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தான்.

பின்வீட்டில் யோலா விளக்கைப் போட்டுவிட்டுக் கதவருகே நின்றாள். அவன் மனைவி நயேலியின் அக்கா. நயேலி போன நவம்பரில் இறந்தாள். வயது இருபத்தேழு. சிறுநீரகம். அன்றிலிருந்து யோலாதான் குழந்தைக்குக் காலைப் பாலும் மதியச் சோறும் தலைவாரலும். அந்த டப்பாவும் யோலாவின் கைவேலைதான். சமையலறையில் கலக்கி, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பாள். முதன்முதலில் செய்தது தங்கைக்காக. குழந்தை உண்டானபோது நயேலியின் முகத்தில் மங்கு விழுந்தது. பிள்ளை பிறந்தும் போகவில்லை.

"தூங்குறாளா?"

"ம்."

"குடு." குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். மறு கையால் அவன் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். "என்னப்பா இது? முன்னைக்கு இப்ப இன்னும் கருத்துக் கிடக்கு. போடுறியா, போடலையா?"

"போடுறேன் மதினி."

"புளுகாத. முதல் மாசம் எப்படி இருந்துச்சு! பால்கோவா மாதிரி ஆச்சு. இப்ப என்னடான்னா அடுப்புக்கரி மாதிரி."

"வெயில்ல நடக்கறேன்ல."

"ஊரே வெயில்லதான் நடக்குது. நல்லா அழுத்தித் தேய். மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டுத் தேய். மோதிரத்தையே வெளுக்குதுன்னா மூஞ்சிய வெளுக்காதா?"

இது சந்தையில் அவள் சொல்கிற வாசகம். கேட்ட பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இரண்டு டப்பாவாக வாங்கிப் போவார்கள்.

"பத்தரைக்கு வந்து இவளைக் கூட்டிட்டுப் போறேன். தடுப்பூசி."

"போன மாசம்தானே போட்டாங்க?"

"இன்னொண்ணு பாக்கியாம்."

யோலா அவனை ஒரு கணம் பார்த்தாள். "சரி. எழுப்பி ரெடி பண்ணி வைக்கிறேன். காபி குடிச்சியா?"

"குடிச்சேன்."

அவன் வேலை பூச்சி பார்ப்பது. கல்லூரியில் பயிர்ப் படிப்பு படித்தவன். நெக்டரின், பிளம் தோப்புகளில் வரிசை வரிசையாக நடப்பான். மரத்தில் தொங்கும் ஒட்டுப்பொறியைக் கழற்றி அந்துப்பூச்சிகளை எண்ணுவான். இலையைத் திருப்பிப் பார்ப்பான். ஓரம் கருகினால் உப்பு. நரம்புக்கு நடுவே மஞ்சளித்தால் இரும்புக் குறை. ஓட்டை ஓட்டையாக உதிர்ந்தால் பூஞ்சை. இலையைப் பார்த்துக் காரணம் சொல்வதற்குத்தான் சம்பளம்.

பறிப்பவர்கள் ஏற்கெனவே ஏணியில் இருந்தார்கள். ஜூன் கடைசி. எட்டு மணிக்கே தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட். மேஸ்திரி பொர்ஃபிரியோ அவனைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்.

"ஏய், வழி விடுங்கப்பா! மாசமா இருக்கறவங்க வர்றாங்க. ஏணி கீணி மேல விழுந்துடப் போகுது."

மரங்களுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. மங்கு என்றால் பிள்ளைத்தாய்ச்சியின் முகம். ஆணுக்கு வந்தால் ஒரு பருவத்துக்கு இந்தப் பேச்சை வாங்கித்தான் ஆக வேண்டும்.

"புளிப்பு ஏதாச்சும் வேணுமா மாப்ள? மாங்கா வாங்கியாரச் சொல்லட்டா?"

"வேணாம்."

"எத்தனாவது மாசம்?"

"ஏழு," என்றான் ஹாசிந்தோ.

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த மரத்துக்குப் போன பிறகுதான் ஏழு என்ற எண் எங்கிருந்து வாயில் வந்தது என்று அவனுக்குப் புரிந்தது. நயேலி போய் எத்தனை மாதம் என்று அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை. பொறியைக் கழற்றினான். நாலு பூச்சி. எழுதிக்கொண்டான்.

பொர்ஃபிரியோ தண்ணீர்ப் புட்டியோடு பின்னால் வந்தார். தனியாக இருக்கும்போது அவர் வேறு ஆள்.

"கோவமா?"

"இல்ல மாமா."

"சும்மா விளையாட்டுக்குத்தான். எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? இங்க பாரு." தொப்பியை உயர்த்தினார். முடி தொடங்கும் இடத்தில் ஒரு கரும்பட்டை. நெற்றிப்பொட்டுவரை இறங்கி, மீசையைச் சுற்றியும் ஓடியது. "சாயம். முதல்ல அரிச்சுது. அப்புறம் கருத்துது. சாயத்தை விடுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நரைச்ச மீசையோட சனிக்கிழமை டான்ஸுக்குப் போனா எவ கூட ஆடுவா?"

"உங்க வீட்டம்மா ஆடுவாங்க."

"அவளா? அவ ஏற்கெனவே ஆடிக்கிட்டுதான் இருக்கா." சிரித்தார். பிறகு சிரிப்பு இறங்கியது. "கை நடுங்குதுப்பா அவளுக்கு. காபிக் கோப்பையைப் பிடிக்க முடியல. தூக்கமும் இல்ல. சர்க்கரையா இருக்கும்னு பாத்தா, சர்க்கரை இல்லையாம். முகம் மட்டும் ஜம்முனு இருக்கு. உன் மதினி களிம்பு. ரெண்டு வருஷமா விடாமப் போடுறா."

ஹாசிந்தோ அவர் முகத்தைப் பார்த்தான்.

"நாளைக்குச் சந்தைக்குப் போகணும்னு குதிக்கிறா. தீந்து போச்சாம்," என்றார் பொர்ஃபிரியோ.

டாக்டர் ஆனூஷ் ஆர்மீனியப் பெண்மணி. குள்ளம். அறுபது இருக்கும். திராட்சைத் தோட்டத்துக்காரர் மகள். நோயாளிகளின் மொழியை அவர்களைவிட வேகமாகப் பேசுவார். அறை விளக்கை அணைத்தார். ஊதா விளக்கை அவன் முகத்தருகே பிடித்தார். அனாயி அவன் மடியில் இருந்தாள்.

"அப்பா நீலமாயிட்டாரு," என்றாள் அனாயி.

"ஆமாண்டி செல்லம். அப்புறம் பழையபடி ஆயிடுவாரு." டாக்டர் விளக்கைப் போட்டார். "இந்த வாரம் மட்டும் மங்குன்னு நாலு ஆம்பளைங்க வந்துட்டாங்க. நாலு பேரும் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு. பொம்பளை வியாதின்னு வெக்கம். வெக்கப்பட்டு ஆறு மாசம் எதையாவது தடவிட்டுத்தான் வருவாங்க. உங்க அப்பாவுக்கும் இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல?"

"இருந்துச்சு. அவரும் வயல்லதான்."

"ரத்தத்துல இருக்கு. மேல வெயில் விழுது. ஆம்பளைக்கு அது ரெண்டும் போதும். மாத்திரை எதுவும் சாப்பிடறதில்ல. வாசனைத் தண்ணி போடறதில்ல. சாயம் கிடையாது. ஈறு நல்லா இருக்கு, உள்ளங்கை ரேகை கருக்கல, அதனால உள்ளுறுப்புச் சுரப்பில கோளாறு இருக்காதுன்னு தோணுது. கன்னத்துல இருக்கற இந்தப் பழுப்பு சாதாரண மங்கு. தொப்பி, வெயில் களிம்பு, பொறுமை. இதுக்கு நான் பயப்படல."

அவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். விரலால் அவன் இமை மடிப்பைத் தொட்டார். பிறகு மூக்கோர மடிப்பை.

"இது பழுப்பு இல்ல. சிலேட்டு நிறம். வெயில் படாத மடிப்புல இருக்கு. வெயில் இதைச் செய்யாது."

ஹாசிந்தோவுக்கு அது புரிந்தது. ஓரத்தில் வருவதற்கு ஒரு காரணம். மடிப்பில் வருவதற்கு வேறு காரணம். ஏழு மாதமாகக் கண்ணாடியில் பார்த்த இலை இது. அவன் படிக்கவில்லை.

"எரியுதா?"

"ஏப்ரல்லேர்ந்து எரியுது."

"கையைக் காட்டுங்க." மோதிர விரலைப் பிடித்தார். தங்கத்தின் மேல் ஒரு பக்கம் பால் தெளித்ததுபோல் வெளுத்திருந்தது. "இது எப்பலேர்ந்து?"

"தேய்மானம்னு நினைச்சேன்."

"தங்கம் வெள்ளையாத் தேயாது." காகிதத்தை எடுத்து அவன் முன் வைத்தார். "பாதரசம். முகத்துல போடறதுல பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். இந்த டப்பால பதினெட்டாயிரம் பங்கு."

அவன் எண்ணைப் பார்த்தான். எண்கள் அவனுக்குப் பழக்கம். இதுவும் ஒரு எண்ணாகத்தான் தெரிந்தது.

"முதல்ல வெளுக்கும். அதான் எல்லாரும் நம்புறாங்க. அப்புறம் உள்ள போகும். சிறுநீரகம், நரம்பு. போட்டவங்களோட நிக்காது. துண்டு, தலையணை, காத்து, எல்லாத்துலயும் இருக்கும்."

அனாயி தன் கன்னத்தை அவன் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைப் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஒரே தலையணைதான்," என்றான் ஹாசிந்தோ. குழந்தையை மெதுவாகப் பிரித்து முழங்கால்மேல் உட்காரவைத்தான். அவள் திரும்பவும் சாய்ந்தாள். திரும்பவும் பிரித்தான்.

தாதி ஒரு சிறிய பிளாஸ்டிக் கோப்பையோடு வந்தாள். அதில் ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றதும் அனாயி பலமாக மறுத்தாள்.

"இதுல ஜூஸ்தான் குடிப்பாங்க."

"இது ஜூஸ் கோப்பை இல்ல கண்ணு."

"ஜூஸ் கோப்பைதான். மூடி இருக்கு."

இருபது நிமிடம் ஆயிற்று. நிஜமாகவே ஒரு ஆப்பிள் ஜூஸ் கொடுக்க வேண்டியிருந்தது. மூடியில் மகளின் பெயரைத் தாதி எழுதுவதை ஹாசிந்தோ பார்த்துக்கொண்டிருந்தான். முடிவு வியாழக்கிழமை என்றாள்.

அவள் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "உங்க மனைவியும் இதையேதான் போட்டாங்களா?"

"மூணு வருஷம்."

"என்னவா இறந்தாங்க?"

"சிறுநீரகம்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"சிறுநீரகம் கெட நூறு காரணம் இருக்கு. இது அதுல ஒண்ணு. ஆஸ்பத்திரிக் காகிதம் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களும் அதுவரைக்கும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க. உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்." ஒரு படிவத்தை நீட்டினார். "கையெழுத்துப் போட்டா நான் வாங்கிப் பாக்கறேன். இன்னைக்கே போடணும்னு இல்ல."

அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"யார் செய்றாங்க?"

அவன் விரலில் மோதிரத்தைத் திருப்பினான்.

"நான் போலீஸ் இல்ல, ஹாசிந்தோ. யார் யார் வாங்கினாங்கன்னு தெரிஞ்சாப் போதும். கூப்பிட்டுப் பாத்துக்கறேன். நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு எங்கயாவது இது விக்குமா?"

"விக்கும்," என்றான்.

யோலாவின் சமையலறை மேசையில் இருபத்துநாலு வெள்ளை டப்பாக்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக இருந்தன. பிளாஸ்டிக் வாளியிலிருந்து மரக்கரண்டியால் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் வானொலி பாடியது. இரும்புக் கரண்டி போட்டால் களிம்பு கெட்டுவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"வந்தாச்சா என் ராணி! ஊசிக்கு அழுதியா?"

"ஊசி இல்ல. ஜூஸ் கோப்பைல மூச்சா போனேன்," என்றாள் அனாயி.

யோலா நிமிர்ந்தாள்.

ஹாசிந்தோ மகளை முற்றத்தில் இறக்கிவிட்டு, கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னான். கதவைச் சாத்தினான்.

"மதினி, கரண்டியைக் கீழ வைங்க."

"என்ன தடுப்பூசி அது, மூச்சா பிடிக்கறாங்க?"

"தடுப்பூசி இல்ல. நான் பொய் சொன்னேன். இதை டாக்டர்கிட்டக் குடுத்தேன். உள்ள பாதரசம் இருக்கு."

"பாதரசம்னா? காய்ச்சல் பாக்கற குழாய்ல ஓடுமே, அதா?"

"அதேதான்."

"போடா. அது வெள்ளியா உருளும். நான் கலக்கறது பவுடர். எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தி கொண்டாந்து குடுக்கறா. அவளே போட்டுக்கறா. அவ மூஞ்சிய நீ பாத்திருக்கியா? தட்டு மாதிரி இருக்கும். அந்த டாக்டருக்கு என்ன, அவங்க களிம்பு விக்கணும். நம்மது வித்தா அவங்களது விக்காது."

அவன் வாதாடவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவள்முன் வைத்தான். வெளுத்த பக்கம் மேலே இருந்தது.

"பாதரசம் தங்கத்தைத் தின்னும். அதான் வெளுக்குது. வெளுக்கறது அழுக்கு போறதால இல்ல."

யோலா மோதிரத்தைப் பார்த்தாள். கையில் எடுக்கவில்லை. மரக்கரண்டி இன்னும் அவள் விரல்களில் இருந்தது. அதிலிருந்து ஒரு துளி மேசையில் விழுந்தது.

"சந்தைல எல்லார்கிட்டயும் நான் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

"தெரியும்."

"சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

எழுந்து போய்க் கைகழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாம் முறை கழுவினாள். மூன்றாம் முறையும். வானொலியை அணைத்தாள். முதுகு அவன் பக்கம் இருந்தது.

"பிள்ளைக்கு?"

"வியாழக்கிழமை தெரியும்."

"நயேலிக்கு?"

படிவம் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை.

"டாக்டருக்குத் தெரியல. நூறு காரணம் இருக்காம்."

"நூத்துல இதுவும் ஒண்ணா?"

"ம்."

யோலா மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினாள். எதையும் தவறவிடவில்லை. எல்லாவற்றையும் வாளியோடு சேர்த்து ஒரு கறுப்புப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். அந்தப் பையைக் கொட்டக் கூடாது, கிளினிக்கில் சேர்க்க வேண்டும் என்று ஹாசிந்தோ சொன்னான். தலையசைத்தாள்.

"எழுதிக்க," என்றாள். "வாங்கினவங்க பேர் சொல்றேன். முதல்ல பொர்ஃபிரியோ பொண்டாட்டி. அவளுக்குக் கை நடுங்குது. போன வாரம் கொசுறா ஒண்ணு குடுத்தேன். பாவம்னு குடுத்தேன்."

அவன் பூச்சிக்கணக்கு எழுதும் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதினான். அவள் தெரு தெருவாக யோசித்துச் சொன்னாள். தொலைபேசி எண்கள் சிலவற்றை மனப்பாடமாகவே சொன்னாள். முப்பத்தொரு பேர். இரண்டு இடங்களில் நிறுத்தி, "இவ மாசமா இருக்கா," என்றாள். அந்தப் பெயர்களுக்கு அவன் கோடு போட்டான். நாளைக்குச் சந்தைக்குத் தானே போய், வருகிறவர்களை நேரில் நிறுத்திச் சொல்வதாகச் சொன்னாள்.

"திட்டுவாங்க மதினி."

"திட்டட்டும்."

வெளியே அனாயி கோழியை அதட்டிக்கொண்டிருந்தாள். யோலா கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள்.

"கண்ணை மூடிக்கடின்னு சொல்லி நான்தான் தடவிவிடுவேன் அவளுக்கு. சிரிப்பா. கூச்சமா இருக்குன்னுவா. எரியுதுன்னு ஒரு நாள் சொன்னதில்ல. சொல்லியிருந்தா அன்னைக்கே தூக்கிப் போட்டிருப்பேன், ஹாசிந்தோ. சத்தியமா." இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"கடைசில கூட? நான் காபி வாங்கக் கீழ போனேனே, அப்ப?"

"குழந்தையைப் பாத்துக்கன்னா. அவ்வளவுதான்."

அப்படித்தான் அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். நினைவுப் பூசைக்கு அச்சடித்த அட்டையிலும் அதுதான் இருந்தது. யோலா கண்ணை மூடி மெல்லத் தலையசைத்தாள். தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. அவன் மேசையிலிருந்து மோதிரத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

நவம்பரில் அந்தக் கடைசி நாள், ஆஸ்பத்திரியில் மதியம் மூன்று மணி. தாதி வெந்நீரில் துணியை நனைத்து நயேலியின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். நயேலி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலிக்குதா என்று கேட்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். நடைபாதையில் யோலாவின் செருப்புச் சத்தம் வருகிறதா என்று கவனித்துவிட்டுச் சொன்னாள்.

"களிம்பு போட்ட இடமெல்லாம் எரியுது. ரொம்ப நாளாவே எரியுது. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத, என்ன?"